ஆரோட வந்த? பஸ் ஸ்டாண்ட் பிள்ளைகளும் இலவச ஆஸ்பத்திரியும்

எனக்கு வேலை மட்டக்களப்பு டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட உள்ள ஒரு பார்மசியில். நாள் முழுக்கத் தெருவில் நிற்கும் பிள்ளைகள் எங்களிடம் வாங்கும் சாமான்கள் அதிகம் இல்லை. பெனடோல் ரெண்டு. பிளாஸ்டர் ஒன்று. சித்தாலேப சின்ன டப்பா. வயிற்றோட்டம் என்றால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பக்கட், அதுவும் நாங்கள் எடுத்துக் கொடுத்தால்தான். காய்ச்சல், பல்லுக்குத்து, காதுக்குள் இடி, காலையில் இருந்து சாப்பிடாததால் வந்த தலையிடி, எல்லாவற்றுக்கும் அந்த ரெண்டு பெனடோல்தான். ஆருக்கு என்று கேட்டால் "அம்மாக்கு அக்கா" என்பார்கள். அம்மா எங்கே என்றால் கை மார்க்கட் பக்கம் எங்கேயோ காட்டும். எடை மெசினில் ஏறி நில்லு என்று சொன்ன பிறகுதான் உண்மை வரும். பெனடோலைச் சின்னப் பிள்ளைக்கு நிறை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு; 20 கிலோப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம், அதாவது 500 குளிசையில் பாதிக்குக் கொஞ்சம் கூட. இந்தக் கணக்கை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு நின்று விளங்கப்படுத்துகிறோம், அவனும் தலையை ஆட்டுகிறான். கேட்டுக்கொண்டு போய்ச் செய்வதற்கு வேறு ஆள் இல்லை, அவனேதான் நோயாளி, அவனேதான் தாய்.

தெருப்பிள்ளைகள் என்றதும் ஆட்களுக்கு ஞாபகம் வருவது கொழும்பு கோட்டை ஸ்டேசனோ இந்தியாவின் பெரிய நகரங்களோதான். எங்கட ஊரில் பிளாட்பாரத்தில் படுத்து எழும்பும் பிள்ளைகள் குறைவு. பெரும்பாலும் இரவில் போய்ப் படுக்க ஏதோ ஒரு கூரை இருக்கும். பகல் முழுக்கத் தெருவில். ஊதுவத்திப் பக்கட் விற்பவர்கள், போத்தலும் பழைய இரும்பும் பொறுக்கி நிறைக்குக் கொடுப்பவர்கள், தாயோடு சேர்ந்து யாசகம் எடுப்பவர்கள், மாமாங்கத் திருவிழா தொடங்கினால் எங்கிருந்தோ வந்து ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்ததும் காணாமல் போகிறவர்கள், சிறுவர் இல்லத்தில் இருந்து பாய்ந்து வந்தவர்கள். கல்முனைப் பக்கமும் இதே முகங்களைத்தான் காண்கிறேன். 2017இல் ஐ.நா. சிறுவர் உரிமைக் குழு தன் 21ஆம் இலக்கப் பொதுக் கருத்துரையில், தெருவில் படுக்கும் பிள்ளையை மட்டும் பார்க்காமல், வாழ்வதற்கும் உழைப்பதற்கும் தெருவை நம்பியிருக்கும் பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்தது. அந்தக் கணக்கில் எங்கள் பிள்ளைகளும் அதற்குள்தான். பின்னால் இருக்கும் கதைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: தாய் குவைத்தில், தகப்பன் வேறு கலியாணம், அம்மம்மாவுக்குக் கண் தெரியாது, லோன் கட்டக் காசில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். இலங்கையில் அரச ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு கேட்பதில்லை. 1951இல் கட்டணத்தை நீக்கிவிட்டார்கள், வெளிநாட்டுக்காரர் கேட்டால் நாங்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற விசயம் அது. தூரமும் பெரிய பிரச்சினை இல்லை. டவுனில் போதனா வைத்தியசாலை, சுற்றிவர ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை என்று ஆதார வைத்தியசாலைகள். ஓ.பி.டி.யில், அதாவது வெளிநோயாளர் பிரிவில், அடையாள அட்டையும் கேட்பதில்லை, பிறப்புச் சான்றிதழும் கேட்பதில்லை. பெயர், வயது, ஊர் சொன்னால் துண்டு. அப்படி இருக்க இந்தப் பிள்ளைகள் ஏன் எங்கள் கடைப் படியில் வந்து நிற்கிறார்கள்?

நம் நாட்டுச் சிறுவர் சுகாதாரம் பிள்ளையைத் தேடிப் போவது ஒன்றில் தாய் மூலம், இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் மூலம். தாய் கர்ப்பமாக இருக்கும்போதே மிட்வைஃப் வீட்டுக்கு வருவா, பிறந்த பிறகு கிளினிக் கொப்பி, அதில் நிறை, உயரம், தடுப்பூசி எல்லாம் வரிசையாக ஏறும். ஐந்து வயதுவரைக்கும் இது அருமையாக நடக்கும், குறை சொல்ல மாட்டேன், தடுப்பூசியில் இலங்கை எத்தனையோ பணக்கார நாடுகளை விட மேல். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஆட்கள் வந்து பார்ப்பார்கள், கண், காது, பல், இதயம். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து அங்கேதான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் 2017இல் தொடங்கிய எச்.பி.வி. தடுப்பூசி தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு அங்கேதான். தரம் 7இல் போடும் ஏற்பூசியும் (டெட்டனஸ் ஊசி) அங்கேதான். இப்போது ஒரு பிள்ளை தரம் 5இல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி 16 வயதுவரைக்கும் பள்ளிக்கூடம் போக வேண்டும், 2016இல் அப்படி மாற்றினார்கள், ஆனால் நின்றுவிட்டது. அன்றைக்கே அந்தப் பிள்ளையின் மிச்சத் தடுப்பூசியும், பல் டொக்டரும், பூச்சி மருந்தும் சேர்ந்து நின்றுவிடும். ஆரும் வேண்டுமென்று செய்வதில்லை. லிஸ்டில் பெயர் இருந்தால்தானே கூப்பிடுவதற்கு.

போன மாரிக்கு முன்னால் ஒரு பொடியன் வந்தான். பதினொன்றோ பன்னிரண்டோ வயது இருக்கும், போத்தல் பொறுக்குகிறவன், எனக்கு முகம் தெரியும். வாவிக்கரையில் இறங்கும்போது உடைந்த போத்தல் காலில் ஏறிவிட்டது. காலைச் சொப்பின் பேக்கால் சுற்றி அதற்கு மேல் செருப்பைப் போட்டிருந்தான். பையைக் கழற்றச் சொன்னேன். உள்ளங்காலில் குதிக்குக் கிட்ட வாய் திறந்த வெட்டு, உள்ளே மண், ரத்தம் பைக்குள் கட்டியாகிக் கிடந்தது. அவன் கேட்டது பெரிய பிளாஸ்டர் ஒன்று. "எவ்வளவு அக்கா?" என்று விலை வேறு விசாரிக்கிறான். பிளாஸ்டர் ஒட்டுகிற காயம் இல்லையே அது. தைக்க வேண்டும், ஏற்பூசி போட வேண்டும், அன்டிபயோட்டிக்கும் தேவைப்படலாம், அது டொக்டரின் துண்டு இல்லாமல் நாங்கள் கொடுக்கக் கூடாத மருந்து.

ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் மாட்டானாம். ஏன் என்று தோண்டித் தோண்டிக் கேட்டதில், பயம் ஊசிக்கு இல்லை. "போனா ஆரோட வந்த எண்டு கேப்பாங்க" என்றான். சாப்பாட்டு நேரத்தில் நானே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம், எங்கே போனாலும் இதுதான் நடந்திருக்கும். வாசலில் செக்கியூரிட்டி கேட்டார், துண்டு கொடுக்கிறவர் கேட்டார், காயம் கழுவிய நர்ஸ் மிஸ் கேட்டா, தைக்க வந்த டொக்டரும் கேட்டார். "ஆரோட வந்த?" ஒருவரும் கோபமாகக் கேட்கவில்லை, அந்த மிஸ் பாவம், "மகன், நோகும், கொஞ்சம் பல்லைக் கடிச்சிக்க" என்று தலையைத் தடவித்தான் கழுவினா. நான் "என்னோட" என்று சொல்லச் சொல்ல எல்லாம் நடந்தது. நான் இல்லாவிட்டாலும் தைத்திருப்பார்கள், அவசரத்துக்கு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத பிள்ளை முதல் கேட்டிலேயே திரும்பிவிடும். விலாசம் என்ன என்று கேட்டபோது அவன் "பஸ் ஸ்டாண்ட்" என்றான், எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எங்கள் கடை விலாசத்தைச் சொன்னேன்.

தைத்து முடிய வந்ததுதான் எனக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக இருந்தது. காலை நனைக்கக் கூடாது. காலை ஊன்றி நடக்கக் கூடாது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா வந்து மருந்து கட்ட வேண்டும். குளிசை சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வேளை. டொக்டர் எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார், அதில் பிழை இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்குள்ளும் ஒரு வீடு இருக்கிறது. உள்ளே ஒரு கட்டில், ஒரு பைப், மூன்று வேளை அடுப்பு, நாளை எண்ணுகிற ஒரு பெரிய ஆள். இவனுக்கு நடந்தால்தான் போத்தல், போத்தல் நிறுத்தால்தான் சாப்பாடு, சாப்பிட்டால்தான் குளிசை. குளிசையைக் கடையில் வைத்துக்கொண்டு வரும்போது ஒன்று, ஒரு பணிஸ், ஒரு பிளேன்ரீ என்று கொடுத்தோம். முதலாளி முதலில் முணுமுணுத்தார், பிறகு பணிசுக்கு அவரே காசு கொடுத்தார். மருந்து கட்ட ஒழுங்காகப் போனானா என்றால், முழுக்க இல்லை. தையல் வெட்டப் போனான்.

கால் காயமாவது கண்ணுக்குத் தெரியும். எனக்கு அதைவிடப் பயம் காய்ச்சல்தான். மழைக் காலத்தில், கார்த்திகை மார்கழி தை மாதங்களில், மட்டக்களப்பில் டெங்கு வராத வருசம் உண்டா? டெங்குவில் உயிரைக் காப்பாற்றுவது பெரிய மருந்து ஒன்றும் இல்லை, நாள் கணக்குத்தான். எத்தனையாம் நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் ரத்தம் பார்த்தாயா, எவ்வளவு குடித்தாய், எவ்வளவு சிறுநீர் போனது. ஆபத்தே காய்ச்சல் விடும்போதுதான் தொடங்கும், ரத்தக் குழாயில் இருந்து நீர் கசியும் நேரம் அது. தெருவில் நிற்கும் பிள்ளை காய்ச்சல் விட்டதும் சுகம் வந்துவிட்டது என்று எழும்பி ஊதுவத்தியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வாந்தி, வயிற்றுக்குத்து, கை கால் குளிர்வது என்றால் அது களைப்பு என்று நினைக்கும். இன்னொன்று, வலிக்கு நல்லது என்று ஆராவது சொல்லி இபுபுரூபன் மாதிரிக் குளிசை கேட்டு வருவார்கள், டெங்குவில் அது ரத்தப் போக்கைக் கூட்டும், நாங்கள் கொடுப்பதில்லை, வேறு கடைகளில் என்ன நடக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை. "எப்ப தொடங்கினது மனே காய்ச்சல்?" என்று கேட்டால் "அண்டைக்கு" என்பார்கள். அண்டைக்கு என்றால் நேற்றா, போன கிழமையா? வீட்டில் தாய் என்றால் வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலுக்குப் போய் வந்த பிறகு என்று மணித்தியாலத்தோடு சொல்லுவா.

சொறியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை எல்லோரும் ஊத்தை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். விரல் இடுக்கிலும் இடுப்பிலும் இரவில் கடிக்கிற சொறி ஒரு சின்ன உண்ணியால் வருவது. லோசன் விலை கொஞ்சம்தான், கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கப் பூசி இரவு முழுக்க விட வேண்டும். ஆனால் கூடப் படுக்கிற எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும், உடுப்பு, பாய், தலையணை உறை எல்லாம் தோய்த்து வெயிலில் போட வேண்டும். ஒரே ஒரு சேட் உள்ள பிள்ளை எதைத் தோய்த்து எதைப் போடுவது? அதனால் சொறி போகாது, சொறிந்த இடம் புண்ணாகும், புண்ணில் கிருமி ஏறும். சில கிருமி அங்கேயே நிற்காது. புண் ஆறி சில கிழமைக்குப் பிறகு சிறுநீரகத்தைப் பிடிக்கும், காலையில் எழும்பும்போது கண்ணைச் சுற்றி வீக்கம், சிறுநீர் பிளேன்ரீ நிறம். அந்த நிறத்தை வீட்டில் யாராவது கண்டு பதறுவார்கள். காட்டுக்குள்ளும் கடற்கரையிலும் போகிற பிள்ளையின் சிறுநீரை யார் பார்க்கிறது.

நாய்க்கடியும் அப்படித்தான். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிசம் கழுவ வேண்டும், அதுதான் முதல் வைத்தியம், பிறகு ஆஸ்பத்திரி, பிறகு தேதி தேதியாக ஊசி, முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், அப்புறம் ஒரு மாதமளவில். ஊசி இலவசம். டவுனில் காசு கொடுக்காமல் கழுவுவதற்கு ஒரு பைப் எங்கே இருக்கு சொல்லுங்கள் பார்ப்போம். கடைக்காரரிடம் தண்ணீர் கேட்டால் சில பேர் தருவார்கள், சில பேர் "போடா அங்கால" என்பார்கள்.

அந்தப் பொடியன் சொன்ன பயத்துக்குத் திரும்பி வருகிறேன். "ஆரோட வந்த" என்ற கேள்விக்குப் பின்னால் அவர்கள் காண்பது பொலிஸ். 1939இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த சிறுவர் சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறது. பராமரிப்பு இல்லாத பிள்ளையைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தலாம், அங்கிருந்து நன்னடத்தை உத்தியோகத்தர், அங்கிருந்து இல்லம். பிள்ளையை வைத்து யாசகம் எடுப்பது தாய்க்குக் குற்றம். பெரிய ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே பொலிஸ் போஸ்ட் இருக்கும். இதெல்லாம் பிள்ளையைப் பாதுகாக்கத்தான், அடிபட்டு வந்த பிள்ளையை ஆர் அடித்தது என்று பார்க்க ஆள் வேண்டாமா, வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை நான் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன், தேவை வந்தால் அழைக்கவும் செய்வேன். ஆனால் அடி வாங்காத, வெறும் காய்ச்சலோடு நிற்கிற பிள்ளைக்கும் அதே கதவுதான் என்றால், அது காய்ச்சலோடு ஓடி ஒளியும். வார்ட்டில் விட்டாலும் இரவில் பாயும். கூட நிற்க ஆள் இல்லாத வார்ட்டுக் கட்டிலில் ஒரு பிள்ளை எத்தனை இரவு கிடக்கும்? பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குத் தாய் இடியப்பம் ஊட்டுவா, பிளாஸ்கில் ஹோர்லிக்ஸ் கொண்டு வருவா. சில தாய்மார் இந்தப் பிள்ளைக்கும் ஒரு வாய் கொடுப்பார்கள், எங்கட ஊரில் அதுக்குக் குறைவில்லை, ஆனால் அதைக் கணக்கில் வைத்து ஒரு வைத்தியத்தை நடத்த முடியாதே.

இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த வைத்தியம் மெடிக்கல் கேம்ப். பெனர், மாலை, அதிதி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விட்டமின் கொடுத்துப் போட்டோ, இரவுக்குள் முகநூலில் பிள்ளையின் முகம் மறைக்காமல் ஏறிவிடும். செய்கிறவர்களின் மனதை நான் குறை சொல்லவில்லை, ரெண்டு கேம்புக்கு நானும் மருந்து பக்கட் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மேலே சொன்ன ஒன்றுமே ஒரு நாளில் முடிகிற வருத்தம் இல்லை. கால் காயத்துக்கு ரெண்டு கிழமை, நாய்க்கடிக்கு ஒரு மாதம், டெங்குவுக்கு இரவும் பகலும் சேர்ந்த ஒரு கிழமை, சயரோகம் என்றால் ஆறு மாதம். கேம்ப் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடும்.

மருந்து இருக்கிறது. டொக்டர் இருக்கிறார், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ பேர் வெளிநாடு போனாலும் மிச்சம் இருக்கிறார்கள். இல்லாதது "என்னோட வந்த புள்ள" என்று சொல்ல ஒரு வாய். அதை மட்டும் ஏற்பாடு செய்தால் மிச்சத்தில் பாதி நடந்துவிடும் என்பது என் எண்ணம். ஓ.பி.டி. வாசலில் ஒரு மேசை, ஒரு ஆள், துணை இல்லாமல் வரும் பிள்ளைக்குக் கூட நிற்பதுதான் வேலை. துண்டு எடுத்து, டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், எத்தனையாம் நாள் காய்ச்சல் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த தேதிக்குப் பிள்ளையைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஊதுவத்திப் பையை வைத்துக்கொள்ள ஒரு அலுமாரி இருந்தால் இன்னும் நல்லது, வரிசையில் நிற்கும்போது சாமான் களவு போய்விடும் என்றுதான் பாதிப் பேர் வருவதே இல்லை. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், அவர்களே செய்யலாமே என்று ஒரு தெரிந்தவர் சொன்னார். செய்கிறார்கள்தான், நல்ல மனுசர்களும் அதில் உண்டு, ஆனால் கந்தோர் 4.15க்கு மூடும், ஆளுக்குத் தலைக்கு மேல் பைல். காய்ச்சல் இரவு பத்து மணிக்குத்தான் ஏறும்.

நர்சும் தேவையில்லை இதற்கு. ஓய்வு பெற்ற மிட்வைஃப்மார் இந்த டவுனில் எத்தனை பேர் இருக்கிறார்கள், பென்சன் எடுத்துவிட்டுப் பேரப்பிள்ளை வெளிநாட்டில் என்று வீட்டில் சும்மா இருப்பவர்கள். எனக்குத் தெரிந்த ரெண்டு பேரிடம் கேட்டேன். ஒருவ உடனே சம்மதம் என்றா, மற்றவ முழங்கால் விட்டால் வாறன் என்றா. அனுமதி யாரிடம் எடுப்பது என்று கேட்கப் போனால், ஒரு கந்தோரில் அது எங்கள் வேலை இல்லை என்று அடுத்த கந்தோரைக் காட்டுகிறார்கள், அங்கே போனால் எழுத்தில் தரச் சொல்கிறார்கள். எழுத்தில் கொடுத்திருக்கிறேன், ரெண்டு இடத்துக்கும் பிரதியோடு. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன். அதற்கிடையில் காய்ச்சலோடு ஒரு பிள்ளையைக் கண்டால் எப்ப தொடங்கியது என்று ஒரு பேப்பர் துண்டில் தேதியோடு எழுதி அதன் சேட் பொக்கட்டில் வைத்துவிடுங்கள், டொக்டருக்கு அது போதும். நடக்க முடியாவிட்டால் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. ஆரோட வந்தது என்று கேட்டால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.